இஞ்சினைக் கழுவியபின் வண்டி மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

ரங்கூனில் நம் ஆட்கள் பானெட்டைத் திறந்து இஞ்சினைக் கழுவும் காலம் வருடத்தில் இரண்டு. ஒன்று சித்திரைப் பிறப்பு, இன்னொன்று ஆயுத பூஜை. சித்திரையில் தண்ணீர்த் திருவிழாவும் சேர்ந்துகொள்ளும். வீட்டில் ஹோஸ் பிடித்தது போதாதென்று தெருவில் நிற்கிறவர்களும் முன்கிரில் வழியாக வாளி வாளியாக ஊற்றி அனுப்புவார்கள். சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறுவதற்குள் நின்றுபோன வண்டிகளைக் கயிறு கட்டி இழுத்து வருவார்கள். ஒவ்வொரு தடவையும் அதே கோளாறுகள்தான். அதனால் அறிகுறி வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன்.

இவற்றில் பெரும்பாலானவை காசில்லாமல் தீரக்கூடியவை. ஏதோ ஒரு குழியில் தண்ணீர் தங்கியிருக்கும், இல்லாவிட்டால் தேய்க்கும்போது ஒரு கனெக்டர் கழன்றிருக்கும். காய விடாமல் திரும்பத் திரும்பச் செல்ஃப் அடித்தால்தான் சின்னக் கோளாறு பெரிய செலவாகிறது.

கையில் இருக்க வேண்டியவை: பத்தாம் நம்பர் ஸ்பேனர், டார்ச், மலிவான மல்டிமீட்டர், பருத்தித் துணி. கம்ப்ரஸர் இருந்தால் நல்லது. கரண்ட் இல்லாத நேரத்தில் டயருக்குக் காற்றடிக்கும் கால் பம்பே போதும், கனெக்டருக்குள் இருக்கும் தண்ணீரை அது நன்றாகவே ஊதித் தள்ளும்.

எதையும் கழற்றும் முன் இரண்டு விஷயம். இங்கே ஓடும் புரோபாக்ஸ், ஃபிட், வேகன் ஆர், விஷ் எல்லாம் ஜப்பானில் ஓடி முடித்து வந்தவை. பேட்டரியைக் கழற்றினால் சில டொயோட்டா வண்டிகளில் டேஷ்போர்டில் இருக்கும் ஜப்பான் பாட்டு-மேப் செட் பூட்டிக்கொண்டு, மேப் கார்டையோ ரகசிய எண்ணையோ கேட்கும். கார்டு செட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். அடுத்தது, ஆக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் வண்டியில் ஆரஞ்சு நிறக் கேபிள் போகும் எதையும் தொடாதீர்கள். இனி சொல்லப்போவதில், அந்த வண்டிகளுக்குத் துடைப்பது, காய வைப்பது மட்டும்தான் உங்கள் வேலை.

## சாவியைத் திருப்பினால் செல்ஃபே எடுக்கவில்லை

டேஷ்போர்டில் விளக்கே இல்லை. பேட்டரி டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள். கொஞ்சம் அசைந்தாலும் அதுதான் காரணம். கழுவுவதற்காகக் கழற்றிவிட்டுச் சரியாக முடுக்காமல் விட்டிருப்பீர்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தால் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றி, வெந்நீர் ஊற்றி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, காய்ந்ததும் மாட்டுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியாகப் போக வேண்டும்.

விளக்கு எரிகிறது, ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. மல்டிமீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். 12.4 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் சரி. 12க்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள். வோல்ட் சரியாக இருந்தும் ‘டக்’ மட்டும்தான் என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார் நனைந்திருக்கலாம். வெயிலில் பாதி நாள் விட்டுவிட்டுப் பாருங்கள்.

விளக்கு எரிகிறது, சத்தமே இல்லை. ஆட்டோ கியர் வண்டியானால் லீவரை ‘என்’னில் வைத்துத் திருப்புங்கள். ‘பி’யில் எடுக்காமல் ‘என்’னில் எடுத்தால் கியர்பெட்டி மேல் இருக்கும் சுவிட்சில் தண்ணீர். காய்ந்தால் போகும். அதுவும் இல்லையென்றால் ஃபியூஸ் பெட்டி. மூடியின் உட்புறத்தில் எது எதற்கென்று ஜப்பானிய எழுத்தில் போட்டிருக்கும். போனில் படம் எடுத்து மொழிபெயர்ப்பு ஆப்பில் காட்டினால் ஸ்டார்ட்டர் ரிலே எது, ஹாரன் ரிலே எது என்று தெரிந்துவிடும். ரிலேயைப் பிடுங்கி அதன் உலோகக் கால்களில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். அதே அளவு ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டும் சோதிக்கலாம்.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய இடம்: ஃபியூஸ் பெட்டியில் கருகல் வாடை வந்தால், அல்லது பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு வண்டியை அப்படியே விடுங்கள்.

## செல்ஃப் சுற்றுகிறது, இஞ்சின் பிடிக்கவில்லை

இன்னொரு தடவை சாவியைத் திருப்பும் முன் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். வேறு எதையும் அதற்கு முன் பார்க்க வேண்டாம்.

ஃபில்டர் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது, அல்லது பெட்டிக்குள் தண்ணீர் நிற்கிறது. நிறுத்துங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றி, கையால் இஞ்சினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுவது மெக்கானிக் வேலை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நீங்களே முயன்று பார்க்கச் சொல்ல மாட்டேன்.

ஃபில்டர் காய்ந்திருக்கிறது. கனெக்டர்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ‘கிளிக்’ என்று விழ வேண்டும். அடிக்கடி கழன்று கிடப்பது ஏர் ஃபில்டர் பெட்டியை ஒட்டிய காற்றளவு சென்சாரின் கனெக்டர். அடுத்து, பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் கொடுக்கும் காயில்கள். கீழே கிராங்க் புல்லிக்குப் பக்கத்தில் ஒரு சென்சார் உண்டு. அது நனைந்தால் எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது. கனெக்டரைக் கழற்றி ஊதிவிட்டு மாட்டுங்கள்.

பெட்ரோல் வாடை அடிக்கிறது. பிளக் பெட்ரோலில் நனைந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தபடி ஐந்து வினாடி செல்ஃப் அடியுங்கள். பிடித்தால் காலை மெல்ல எடுங்கள். பிடிக்காவிட்டால் அரை நிமிடம் ஸ்டார்ட்டருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வண்டி. மூடியைக் கழற்றி உள்ளே துடையுங்கள். மெல்லிய கறுப்புக் கோடு பென்சில் கீறல் மாதிரி தெரிந்தால் மூடியையே மாற்ற வேண்டும். துடைத்தால் ஒரு நாள் ஓடும், மறுநாள் மழையில் நிற்கும்.

ஒரு நாள் முழுக்கக் காய்ந்தும் பிடிக்காவிட்டால், வண்டியின் கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போங்கள். ஸ்கேனர் இல்லாமல் “இஞ்சின் கம்ப்யூட்டர் போச்சுண்ணே” என்று எடுத்த எடுப்பில் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

## ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் உதறுகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது

கழுவிய வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது இதுதான். செக் இஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும். அந்தக் கன்வெர்ட்டரை மாற்றுவது பெரிய செலவு.

காரணம் அநேகமாகப் பிளக் குழியில் நிற்கும் தண்ணீர். புரோபாக்ஸ் இஞ்சினில் மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் நாலு காயில் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பத்தாம் நம்பர் போல்ட் ஒன்று. கனெக்டரின் நாக்கை அழுத்தி இழுத்து, போல்ட்டைக் கழற்றி, காயிலை இடதும் வலதுமாக மெல்லத் திருப்பிக்கொண்டே மேலே தூக்குங்கள். அப்படியே பிடித்து இழுத்தால் ரப்பர் குழாய் கிழிந்து பாதி கீழேயே நின்றுவிடும். குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

தண்ணீர் பளபளக்கிறது. ஸ்க்ரூடிரைவரில் துணியைச் சுற்றி விட்டு ஒற்றி எடுங்கள். பிறகு காற்றடித்து ஊதுங்கள். பிளக்கைக் கழற்றுவதாக இருந்தால் ஊதிய பிறகுதான் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் குழியில் இருக்கும் மணலும் அழுக்கும் சிலிண்டருக்குள் விழும். காயிலின் ரப்பரைத் துடைத்து, உள்விளிம்பில் மின்காப்பு கிரீஸ் கொஞ்சம் தடவி மாட்டுங்கள்.

தண்ணீர் இல்லை, எண்ணெய் இருக்கிறது. இது நீங்கள் கழுவியதால் வந்ததில்லை. வால்வ் கவரின் உள் சீல் போய்விட்டது. கழுவியதால் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். கவர் கேஸ்கெட்டையும் சீலையும் மாற்றச் சொல்லுங்கள்.

குழி காய்ந்திருக்கிறது, உதறல் போகவில்லை. ஓடும் இஞ்சினில் ஒரு நேரத்தில் ஒரு காயிலின் கனெக்டரை மட்டும் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் இஞ்சின் இன்னும் மோசமானால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. மாற்றமே இல்லாவிட்டால் அதுதான் செத்த சிலிண்டர். இஞ்சினை நிறுத்தி, அந்தக் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் காயிலை வாங்குங்கள். நகராவிட்டால் பிளக்கைப் பாருங்கள். ஸ்கேனர் இருந்தால் பி0301, பி0302 என்று காட்டும், கடைசி எண்தான் சிலிண்டர் எண்.

முதல் தலைமுறை ஹோண்டா ஃபிட் 1.3 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் எட்டுக் காயில். முன்வரிசை நாலையும் சுலபமாகப் பார்க்கலாம். பின்வரிசைக்குக் கை எளிதில் போகாது. முன்வரிசை சுத்தமாக இருந்தும் உதறினால் பின்வரிசையைப் பழகியவர் கையில் விடுங்கள்.

## ஓடுகிறது, ஐட்லிங் மட்டும் ஏறி இறங்குகிறது

பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால் கம்ப்யூட்டர் ஐட்லிங்கை, அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இஞ்சின் ஓடும் வேகத்தை, மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும். இஞ்சினைச் சூடாக்கி, ஏ.சி.யை ஒரு தடவை போட்டு அணைத்து, கொஞ்ச தூரம் ஓட்டி வாருங்கள். தானாகச் சரியாகிவிடும்.

சரியாகவில்லை, கூடவே ‘உஸ்’ என்ற சத்தம் வருகிறது என்றால் ஒரு வேக்யூம் குழாய் கழன்றிருக்கிறது. பென்சில் தடிமனில் இருக்கும் ரப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் நெருக்கிப் பாருங்கள், சத்தம் மாறும் இடம்தான் ஓட்டை. காற்றளவு சென்சார் நனைந்திருந்தாலும் இதே ஆட்டம் வரும். அதைக் கழற்றிக் காய வையுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியைத் துணியால் தொடக் கூடாது.

## பெல்ட் கீச்சிடுகிறது

ஈரத்தால் என்றால் சில நிமிடத்தில் நின்றுவிடும். நிற்காவிட்டால் பெல்ட்டின் வரிப் பக்கத்தில் தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளியுங்கள். தளர்ந்த சட்டையும் தொங்கும் துணியும் கிட்டே போகக் கூடாது. பர்மாவில் லுங்கியோடு பானெட்டுக்குள் குனிகிறவர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன். சத்தம் தற்காலிகமாக அடங்கினால் புல்லி நேராக இல்லை. அதிகமானால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. பளபளப்பு ஸ்பிரேயோ கிரீஸ் எடுக்கும் திரவமோ பட்டு வழுக்குகிறது என்றால் புல்லியைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டுப் புது பெல்ட் போடுவதே மேல். பெல்ட்டுக்குச் சோப்புக் கட்டி தேய்க்கும் பழைய வைத்தியம் இன்று மாலை வரைக்கும்தான் கேட்கும்.

## பேட்டரி விளக்கு அணையவில்லை

பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்நேட்டர் குளித்துவிட்டது. இஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 12.5ஐச் சுற்றியே நின்றால் சார்ஜ் ஆகவில்லை. இஞ்சினை நிறுத்தி, ஆல்டர்நேட்டர் பின்பக்கக் கனெக்டரைக் கழற்றி ஊதுங்கள். பெல்ட் வழுக்குகிறதா பாருங்கள். காய்ந்தும் வோல்ட் ஏறாவிட்டால் உள்ளே கார்பன் பிரஷ்ஷோ ரெகுலேட்டரோ போயிருக்கும், எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

## புகை வருகிறது, வாடை அடிக்கிறது

வெள்ளை ஆவி, வாடை இல்லை. இஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் சூடான மேனிஃபோல்டில் தண்ணீர் காய்கிறது. பத்து நிமிடத்தில் நின்றால் கவலையில்லை.

சோப்பு அல்லது மருந்து வாடை. அலசியது போதவில்லை. இஞ்சின் ஆறியதும் மறுபடி ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இனிப்பு வாடை. கூலண்ட் கசிகிறது. ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள்.

பிளாஸ்டிக், துணி கருகும் வாடை. உடனே இஞ்சினை நிறுத்துங்கள். மூடி வைத்த பாலித்தீன் பையோ, துடைத்த துணியோ மேனிஃபோல்டு மேல் கிடக்கும். பையும் துணியும் எல்லாம் வெளியே இருந்தால் வயர் உருகுகிறது, நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மழைக்காலத்தில் எலி வயரைக் கடித்து வைத்திருப்பதும் இப்போதுதான் வெளியே வரும்.

கேஸ் வாடை. சி.என்.ஜி. டாக்ஸியானால் கேஸ் சிலிண்டர் வால்வை மூடுங்கள், வண்டியைத் தள்ளித் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள், கேஸ் கிட் பார்க்கிறவரைத் தவிர யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

## டெம்பரேச்சர் ஏறுகிறது

பிரஷர் மெஷினைக் கிட்டத்தில் பிடித்து ரேடியேட்டரை அடித்திருப்பார்கள். அலுமினியத் தகடுகள் மடிந்து காற்றுப் போகும் வழி அடைத்திருக்கும். டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்தால் எவ்வளவு இடம் அடைத்திருக்கிறது என்று தெரியும். மெல்லிய மொட்டைக் கத்தியால் பொறுமையாக நிமிர்த்தலாம். அடுத்து ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். ஏ.சி. போட்டும் சுற்றாவிட்டால் அதன் கனெக்டரும் ஃபியூஸும்.

## கழுவும் வரை ஒழுகாத எண்ணெய் இப்போது ஒழுகுகிறது

“நீ கழுவித்தான் ஒழுகுது தம்பி” என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. முன்பும் ஒழுகியதுதான், வருடக்கணக்கில் சேர்ந்த அழுக்கு அதைக் குடித்துக்கொண்டிருந்தது. சந்தேகப்படும் இடத்தைச் சுத்தமாகக் காய வைத்து, குழந்தைகளுக்குப் போடும் பவுடரை மெல்லத் தூவிக் கொஞ்ச தூரம் ஓட்டி வாருங்கள். பவுடர் ஈரமாகக் கறுத்த இடத்தில் மிக உயரமானது எதுவோ அதுதான் கசிவு, கீழே இருப்பதெல்லாம் வழிந்தது. மேலே என்றால் வால்வ் கவர் கேஸ்கெட், இருப்பதில் மலிவு. ஆயில் பிரஷர் சுவிட்சும் சின்ன வேலைதான். புரோபாக்ஸ் மாதிரி 1.5 டொயோட்டாக்களில் டைமிங் செயின் கவர் ஓரமாகக் கசிவது வழக்கம். அது பெரிய பிரிப்பு. ஆயில் அளவு குறையாமல் இருந்தால் அவசரப்பட வேண்டாம், டிப்ஸ்டிக்கை வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டு ஓட்டலாம். மேனிஃபோல்டு மேல் சொட்டினால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

## ஓட்டம் சரி, பார்வைதான் கெட்டுவிட்டது

அலுமினியம் வெளிறிச் சுண்ணாம்பு பூத்த மாதிரி இருந்தால் கடுமையான காரத் திரவம் அரித்திருக்கிறது. போகாது, பாலிஷ் போட்டால் கொஞ்சம் குறையும். தண்ணீரின் உப்புக் கறை மட்டும் என்றால் தண்ணீர் கலந்த வினிகரைத் துணியில் தொட்டுத் துடைத்து உடனே அலசினால் போய்விடும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் பிசுபிசுத்துத் தூசி பிடித்தால் டீசலோ எண்ணெய் ஸ்பிரேயோ அடித்திருக்கிறார்கள். சோப்புத் தண்ணீரில் துடைத்தெடுத்துவிட்டு, தண்ணீரில் கரையும் டிரெஸ்ஸிங்கைத் துணியில் ஊற்றிப் பூசுங்கள், நேராக அடிக்காதீர்கள். மண்ணெண்ணெயால் கழுவினால் மின்னும் என்று சொல்கிற கொட்டகைகள் உண்டு. ரப்பர் ஊதிப்போகும், தீயும் பிடிக்கலாம்.

## பக்கத்து சீட்டின் கால் மிதியடி ஈரம்

வைப்பருக்கு அடியில் இருக்கும் தட்டைப் பாருங்கள். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் அந்தச் சின்னச் சின்ன இலைகள் வடிகால் துளையை அடைத்துவிடும், ஹோஸ் தண்ணீர் உள்ளே இறங்கும். கையால் அள்ளி எடுத்தால் போதும்.

## இன்னும் ஒன்றும் ஆகவில்லை, இனிமேல்தான் கழுவப் போகிறேன்

கழுவும் முன் நாலு பக்கமும் போனில் படம் எடுங்கள். இஞ்சின் வெதுவெதுப்பாக, கை வைத்தால் பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும். உலர்ந்த இலை, தூசி, எலிக் கூடு இவற்றைப் பிரஷ்ஷால் முதலில் எடுங்கள். அதுவே பாதி வேலை. ஆல்டர்நேட்டர், ஏர் ஃபில்டர் வாய், ஃபியூஸ் பெட்டி, காயில், டிஸ்ட்ரிபியூட்டர், பேட்டரி இவற்றுக்குப் பாலித்தீன் பை கட்டி, எத்தனை பை கட்டினீர்கள் என்று எண்ணி வையுங்கள்.

கிரீஸ் எடுக்கும் திரவத்தைப் புட்டியில் போட்டபடி கலந்து, பிசுக்கு உள்ள இடத்தில் மட்டும் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, காயும் முன் அலசுங்கள். அலச ஹோஸில் மெல்லிய தூறல் போதும், பிரஷர் மெஷின் வேண்டாம். உண்மையில் நம் ஊர்த் தூசிக்கு ஈரத்துணியே பெரும்பாலும் போதும். நான் புது வாடிக்கையாளருக்கு ஹோஸையே எடுப்பதில்லை.

பிறகு ஊதி, துடைத்து, பானெட்டைத் திறந்தபடி வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். பைகளை எண்ணி எடுங்கள். இஞ்சினைப் போட்டு பானெட் திறந்தே பத்து நிமிடம் ஓடட்டும். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாவிட்டால் கிட்டத்தில் ஒரு சுற்று ஓட்டி வந்து, கனெக்டர்களை இன்னொரு தடவை அழுத்திப் பாருங்கள்.